மகளுக்கு நான் போட்ட கண்டிஷன்

போன வருடம் ஆனி, ஆடி மாதத்தில் நடந்தது இது. குற்றாலத்தில் சாரல் பிடித்து, சீசன் களைகட்டியிருந்த நேரம். நான் காவல்துறையில் ஏட்டாக இருக்கிறேன். வீடு தென்காசியை ஒட்டி குத்துக்கல்வலசையில். சீசன் வந்துவிட்டால் எங்களுக்கு அருவிக்கரைதான் ஸ்டேஷன். காலையிலிருந்து விசில் ஊதி, 'குளிச்சவங்க வெளிய வாங்க, நிக்கவங்களுக்கு வழி விடுங்க' என்று மைக்கில் கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்தாலும் அதே தோரணைதான் இருக்கும். 'இது அருவி இல்ல, அடுக்களை. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க' என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். கேட்டால்தானே?

எங்களுக்கு ஒரே மகள். அப்போதுதான் மூன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள். நாலு வயதிலிருந்தே மாதம் தவறினாலும் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் தவறாது. தூங்கும்போது வாயைப் பிளந்துகொண்டு, பெரிய ஆள் மாதிரி குறட்டை விடுவாள். 'அப்பனை மிஞ்சிட்டா' என்று நாங்கள் சிரிப்போம். அதை செல்போனில் வீடியோ எடுத்து சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய புத்திசாலியும் நான்தான். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொன்னபோது அவளைத்தான் திட்டினேன். ஒரு தோசையை ஒரு மணி நேரம் தின்கிறாள் என்பதற்கும் திட்டுதான். சோம்பேறி என்றே முடிவு கட்டியிருந்தேன்.

அவளுக்கு இன்னொரு தண்டனையும் இருந்தது. அருவியில் குளித்தால் காய்ச்சல் வந்துவிடும் என்று பயந்து, அவளை நாங்கள் குளிக்கவே விடுவதில்லை. சீசனுக்குச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வருவார்கள். எல்லோரும் தண்ணீருக்குள் கூத்தடிக்க, இவள் மட்டும் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேருடைய துண்டுகளையும் மடியில் வைத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். டியூட்டியில் இருந்துகொண்டே அவளைப் பார்ப்பேன். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவள் நல்லதுக்குத்தானே என்று விசிலை ஊதிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

கடைசியில் தென்காசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். எங்கள் பக்கம் இதை 'உள்நாக்கு வளந்திருக்கு' என்றே சொல்வார்கள். மிளகும் உப்பும் தொட்டு வைத்து அமுக்கி விடுவார்கள், நாங்களும் செய்திருக்கிறோம். நடுவில் தொங்குகிற உள்நாக்கு வேறு, அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிற டான்சில் வேறு என்பதே டாக்டர் டார்ச் அடித்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு நெல்லிக்காய் வைத்ததுபோல வீங்கி, நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையும் வளர்ந்திருந்தது.

நான் போலீஸ் என்று தெரிந்ததும் டாக்டர் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். "கிருமி உள்ள வராம தடுக்க வாசல்ல நிக்க காவலுதான் சார் டான்சில். ஆனா காவலுக்கு நிக்கவரே குண்டாயி வாசல அடைச்சுட்டா, வீட்டுக்காரங்க எப்படிப் போக வர முடியும்?" என்றார். நான் என் தொப்பையைப் பார்த்துக்கொண்டேன். அவர் அதற்குச் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டு கேட்டார், தூக்கத்தில் குறட்டை சட்டென்று நின்று, சில நொடி கழித்துத் திணறி மூச்சு வாங்குகிறாளா என்று. நான் எடுத்த வீடியோவிலேயே அது இருந்தது. அவள் தூங்கிக்கொண்டே மூச்சுக்குப் போராடியிருக்கிறாள், அதனால்தான் பகலில் சோர்ந்து விழுந்திருக்கிறாள். சாப்பிட இவ்வளவு நேரம் ஆனதும் விழுங்க வழி இல்லாததால்தான். அதைக் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

ஆபரேஷன் ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்தது. நல்லபடியாக முடிந்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கும், வாய் நாறும், காது வலிக்கும், பயப்பட வேண்டாம். ஜில்லென்று நிறையக் குடிக்க வேண்டும், ஐஸ்கிரீம் கொடுக்கலாம். முறுக்கு, சிப்ஸ் மாதிரி மொறுமொறுப்பு எதுவும் கூடாது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அந்த வெள்ளைப் பொருக்கு உதிரும். அப்போது ஒரு சில பிள்ளைகளுக்கு ரத்தம் வரலாம். வந்தால் கொஞ்சம்தானே என்று பார்க்காமல் உடனே கூட்டி வர வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளிலும் அச்சடித்துக் கொடுத்தார். அதை நான் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளைக் குடிக்க வைப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஒரு வாய் தண்ணீருக்கு ஒரு குடம் கண்ணீர். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. "எல்லாத்தையும் ஒழுங்காக் குடிச்சு, புண்ணு ஆறிட்டுன்னா, இந்த சீசனுக்கே ஒன்ன அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன். துண்டு பிடிக்க இல்ல, குளிக்க!" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் பாலையும் குடித்துவிட்டாள்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆறாம் நாள் கொஞ்சம் தெம்பு வந்து, வீட்டுக்குள் ஓட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் முறுக்கு வாசனை வந்தால் அங்கே போய் நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. மைக்கில் பேசுகிற குரலில், "ஏட்டி, இங்கன வா. ரத்தம் கித்தம் வந்துச்சுன்னு வச்சுக்கோ, இந்த வருசம் மட்டுமில்ல, எந்த வருசமும் அருவி கிடையாது. கேட்டியா?" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஹெல்மெட் போடாதவனிடம் அபராதம் என்று சொல்வதுபோல்தான் சொன்னேன். என் மனதில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் என் மனைவி வேலைக்குத் திரும்பினாள். கடையம் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். எனக்கோ சீசன் நேரத்தில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிகாரியிடம் கெஞ்சி ஒரே ஒரு நாள் வாங்கி, மகளோடு வீட்டில் இருந்தேன். காலையில் அவள் கஞ்சி வேண்டாம் என்றாள். ஐஸ்கிரீமும் வேண்டாம் என்றாள். இத்தனை நாள் தவமிருந்து கிடைத்த ஐஸ்கிரீமை ஒரு பிள்ளை வேண்டாம் என்கிறதே, ஏன் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா இல்லாததால் அடம் என்று நினைத்தேன். இரண்டு முறை பாத்ரூம் போய் வந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு டி.வி. முன்னால் பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்தாள். நான் செல்போன் பார்த்தேன்.

பதினோரு மணி இருக்கும். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கலாம். கறுப்பு பர்தா, இரண்டு தோளிலும் பெரிய பெரிய பை. அச்சன்புதூரிலிருந்து வருவதாகவும், நைட்டியும் சேலையும் விற்பதாகவும் சொன்னார். நான் எழுந்துகூடப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வீட்ல பொம்பளையாள் இல்ல, போங்க" என்றேன்.

"சரி அண்ணாச்சி. குடிக்கத் தண்ணி மட்டும் தாரியளா?" என்று கேட்டார்.

முணுமுணுத்துக்கொண்டே செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பையை இறக்கி வைத்துவிட்டுக் குடித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, கதவு வழியாக உள்ளே பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன அண்ணாச்சி?"

டான்சில் ஆபரேஷன் என்றேன். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். எட்டு நாள் என்றேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊர்ப்பட்டவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்லக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேன். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதிய. நான் தண்ணி குடிக்கதுக்குள்ள பிள்ள அஞ்சாறு தடவ முழுங்கிட்டா. வாயில ஒண்ணும் இல்லாம எதுக்கு முழுங்குதா? வாயத் தொறக்கச் சொல்லி ஒருக்கப் பாருங்க."

"தொண்டைல புண்ணு இருக்கு, முழுங்கத்தான் செய்வா. எல்லாம் டாக்டர் சொல்லிருக்காரு. நீங்க கெளம்புங்க" என்றேன். சந்தேகக் கேஸ் ஆளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் கிளம்பவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே வந்து, பாயில் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "எங்கண்ணுல்லா, மாமிக்கு ஒருக்க ஆ காட்டு" என்றார். மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. அந்தப் பெண் அவள் தலையைத் தடவி, யாரும் ஏச மாட்டார்கள் என்று ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள்.

பல்லெல்லாம் ரத்தம். நான் 'ஐயோ' என்று கத்துவதற்குள், அந்தப் பெண்ணின் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். காபி மண்டி மாதிரி கறுப்பாக, கட்டி கட்டியாக வந்தது. எத்தனையோ விபத்துகளில் ரத்தத்தைக் கையால் அள்ளாத குறையாகப் பார்த்தவன் நான். அன்று என் கால் நகரவில்லை.

"நிக்காதிய அண்ணாச்சி, வண்டிய எடுங்க!" என்று அவர் போட்ட அதட்டலில்தான் எனக்கு உயிர் வந்தது.

பைக்கில் நான் முன்னால், மகள் நடுவில், அந்தப் பெண் பின்னால். அவருடைய பைகள் இரண்டும் எங்கள் வாசலிலேயே கிடந்தன. சீசன் வேன்களும் பஸ்களுமாக ரோடு அடைத்துக்கொண்டு நின்றது. தினமும் நான் நின்று சரிசெய்கிற நெரிசல். அன்று எனக்கு வழி ஒதுக்கிவிட ஆள் இல்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பின்னாலிருந்து அந்தப் பெண் 'வழி விடுங்க, வழி விடுங்க' என்று கத்திக்கொண்டே வந்தார். நடுநடுவே என் மகளிடம், "முழுங்கக் கூடாதும்மா, துப்பு. என் மேல துப்பு, பரவால்ல" என்று சொல்வதும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நல்லவேளையாக அதே டாக்டர் இருந்தார். நர்ஸ்கள் அவளைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, கையில் ஊசி ஏற்றி, சலைன் போட்டார்கள். டாக்டர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே, "எப்ப இருந்து வருது?" என்று கேட்டார். "இப்பந்தான் சார், அரை மணி நேரம்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

"நீ சொல்லு பாப்பா, ரத்தம் எப்ப வந்துச்சு?"

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்த ஆள் என்ன செய்வான் என்று கணக்குப் போடுகிற பார்வை. ஸ்டேஷனில் என் முன்னால் நின்ற எத்தனையோ பேர் கண்ணில் அதைப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை கண்ணில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

"சொல்லும்மா, அப்பா ஏச மாட்டேன்" என்றேன்.

"காலைல... அப்பா ஷேவ் பண்ணும்போது" என்றாள் மெதுவாக. "மொதல்ல பாத்ரூம்ல துப்பித் தண்ணி ஊத்திட்டேன். பொறவும் பொறவும் வந்துச்சு. அதான் முழுங்கிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ரத்தம் வந்தா எந்த வருசமும் அருவி கிடையாதுன்னு அப்பா சொன்னாவ" என்றாள்.

டாக்டர் என் தோளை ஒருமுறை தட்டிவிட்டு, தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "இப்பம் போக முடியாதுல்லாப்பா?"

தியேட்டர் கதவு மூடிய பிறகு நான் சுவரில் சாய்ந்து அழுதேன். இருபது வருடச் சர்வீஸில் பொது இடத்தில் அழுதது அன்றுதான். அந்தப் பெண் பர்தாவில் காய்ந்த ரத்தத்தோடு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட கண்டிஷனை அவரிடம் முழுவதும் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

"நான் மட்டும் என்ன அண்ணாச்சி" என்றார். அவர் கணவர் சவுதியில் வேலை பார்க்கிறாராம். மகனுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது, 'வாப்பா போன்ல கேட்டா வலிக்கலன்னு சொல்லு, இல்லன்னா அங்கன அவுக தவிச்சுப் போவாவ' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாப்பாவுக்குச் சொல்லிப் பழகிய பொய்யை அவன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டான். தலையணை ரத்தத்தில் நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்ததாம். "அன்னைக்கு அவனும் இப்படித்தான் ஒதட்ட மூடிக்கிட்டு முழுங்கிட்டே கெடந்தான். அதான் ஒங்க பிள்ளையப் பாத்ததும் கால் நகரல" என்றார்.

முக்கால் மணி நேரம் இருக்கும். டாக்டர் வெளியே வந்து, ரத்தம் வந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தாகிவிட்டது, ரத்தம் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை என்றார். இப்படி ரத்தம் வருவது ஆபரேஷன் செய்த சிலருக்கு நடக்கிறதுதான், ஓடியதாலோ முறுக்கு வாசனை பிடித்ததாலோ வந்ததில்லை என்றும் சொன்னார். ஆனால் இன்னும் ஓரிரு மணி நேரம் இப்படியே விழுங்கிக்கொண்டு கிடந்திருந்தால் நிலைமை வேறு என்றார். பிள்ளைகள் ரத்தத்தை விழுங்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, அடிக்கடி விழுங்குவது ஒன்றுதான் அடையாளம், அந்தத் தாளிலும் அது இருக்கிறதே என்றார். நான் பூட்டி வைத்த தாளில்!

கடையத்திலிருந்து என் மனைவி அலறியடித்து வந்து சேர்ந்தாள். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் கிடந்த பைகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். வாசலில் விரட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "தண்ணி தந்தியல்லா, அது போதும்" என்று சிரித்துவிட்டுப் போனார். இப்போதும் அந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் உட்காராமல் போவதில்லை. அவரை என் மகள் மாமி என்றுதான் கூப்பிடுகிறாள்.

அருவி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, சீசன் முடியப்போகிற சமயம், கூட்டம் குறைந்த ஒரு காலையில் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். அன்று எனக்கு யூனிஃபார்மும் இல்லை, விசிலும் இல்லை. அவள் போதும் என்று சொல்கிற வரை நின்றோம். குறட்டையும் போய்விட்டது, காய்ச்சலும் போய்விட்டது. ஆறு மாதத்தில் சட்டையெல்லாம் பத்தாமல் போய்விட்டது.

ஆனால் அந்தப் பார்வை மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. பள்ளியில் விழுந்து முட்டியில் சிராய்த்துக்கொண்டு வந்த ஒரு நாள், பாவாடையை இழுத்து இழுத்து மறைத்தாள். கண்ணில் பட்டதும் 'எங்கன பாத்து ஓடுன?' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டு, மருந்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் பாவாடையை விலக்கினாள். இப்படியே பல மாதம் போனது. மார்க் குறைந்தாலும், தண்ணீர் பாட்டில் தொலைந்தாலும், முதலில் என் முகம், பிறகுதான் வார்த்தை. ஊதுகிற விசிலை வாசலோடு விட்டுவிட்டு வர நானும் தினமும் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம், பள்ளியிலிருந்து வந்தவள் தெருவிலேயே, "அப்பா, எனக்குக் காது வலிக்கு!" என்று சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே ஓடி வந்தாள். நான் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறேன் என்றுகூட அவளுக்குத் தெரியாது. என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே தன் வலியை அவள் என்னிடம் சொன்ன அந்தச் சாயங்காலத்தைத்தான், என் மகள் முழுசாகப் பிழைத்து வந்த நாளாக நான் மனதில் வைத்திருக்கிறேன்.